2025: கோப்பையும் நெரிசலும்

1/ வருஷக் கடைசி. கீரப்பாளையம் டீக்கடையில இருந்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் வரை எல்லாரும் 2025-ஐத் திரும்பிப் பார்க்கிறாங்க. ஒரு டாக்டரா நானும் பார்க்கிறேன். சின்ன த்ரெட்.

2/ சந்தோஷத்துக்குக் குறைவில்லை. மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபி. ஜூன் 3-ல், 18-வது சீசனில், ஆர்சிபிக்கு முதல் ஐபிஎல் கோப்பை. ஆகஸ்டில் 'கூலி' ரிலீஸ். நவம்பர் 2-ல் நம்ம பெண்கள் அணிக்கு முதல் உலகக் கோப்பை.

3/ இதே வருஷத்துக்கு இன்னொரு பட்டியலும் இருக்கு.
ஜனவரி 29, பிரயாக்ராஜ் கும்பமேளா: குறைந்தது 30 பேர்.
பிப்ரவரி 15, புது டெல்லி ரயில் நிலையம்: 18 பேர்.
ஜூன் 4, ஆர்சிபி வெற்றி விழா, பெங்களூரு: 11 பேர்.
செப்டம்பர் 27, விஜய் பிரச்சாரக் கூட்டம், கரூர்: 41 பேர். அதில் குழந்தைகளும் உண்டு.

4/ "மிதிபட்டு இறந்தாங்க"ன்னு சொல்றோம். நெரிசலில் பலர் நின்ற நிலையிலேயே மூச்சு முட்டித்தான் இறக்கிறாங்க. மூச்சை உள்ளே இழுக்க மார்பு விரியணும். நாலு பக்கமும் உடம்புகள் அழுத்தினா விரியாது. ஆக்சிஜன் இல்லாம சில நிமிஷத்திலேயே மூளை பாதிக்க ஆரம்பிக்கும்.

5/ கேரம் போர்டைவிடக் கொஞ்சம் பெரிய இடம்தான் ஒரு சதுர மீட்டர். அதில் ஆறு, ஏழு பேர் நின்னா கூட்டம் தண்ணி மாதிரி அலையடிக்கும். யாரும் வேணும்னு தள்ளுறதில்லை. முன்னாடி கத்துறது பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேட்காது.

6/ அதனால "விதி", "ரசிகர்கள் கட்டுப்பாடு இல்லாதவங்க" என்பதெல்லாம் டயக்னோசிஸ் இல்லை. எத்தனை பேர் கொள்ளும், வெளியேற எத்தனை வழி, ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்? இதைக் கணக்குப் போடாம கூட்டம் சேர்க்கிறதுதான் நோய். கட்சி, கிளப், கோயில், ரயில்வே எல்லாருக்கும் ஒரே கணக்குதான். கூட்டத்தின் அளவைப் பெருமையாப் பேசுறதை முதலில் நிறுத்தணும்.

7/ நாம செய்ய வேண்டியது:
• தோளோடு தோள் உரசி, கையைத் தூக்க முடியலைன்னா அப்பவே கிளம்புங்க.
• மாட்டிக்கிட்டா ரெண்டு கையையும் மார்புக்கு முன்னாடி மடக்கி இடைவெளி வைங்க.
• செருப்பு, செல்போன் விழுந்தா குனியாதீங்க.
• அலையை எதிர்க்காம, அது நின்னதும் ஓரமா நகருங்க.
• கைக்குழந்தை, கர்ப்பிணிகளை அழைச்சிட்டுப் போகாதீங்க.

8/ அடுத்து மார்கழி ஆருத்ரா தரிசனம். நம்ம ஊரில் இருந்து சிதம்பரத்துக்குக் குடும்பம் குடும்பமா கிளம்புவோம். போங்க, தேர் பாருங்க. வடம் பிடிக்கிற இடத்தில் குழந்தையைத் தோளில் வச்சுக்கிட்டு நிக்காதீங்க. ஜெயிச்ச கோப்பைகள் ஞாபகம் இருக்கிற மாதிரி 30, 18, 11, 41 என்ற இந்த எண்களும் ஞாபகம் இருக்கட்டும்.