பெட்டிக்குள்ளை இருந்தது போகேல்லை அண்ணை!

திங்கட்கிழமை எங்கள் ரெஸ்ரோரண்டுக்கு ஓய்வு நாள். கிழமையில் அந்த ஒரு நாள்தான் நான் மத்தியானம் வரை படுப்பது. 2025 பெப்ரவரியில் ஒரு திங்கள், காலை எட்டரைக்கே முதலாளி தொலைபேசி எடுத்துவிட்டார்.

"தம்பி, ஒபிஸ் பெட்டி செத்துப்போச்சடா. ஒண்டும் திறக்குதில்லை. கொம்பியூட்டர் கடைக்காரனோடை கதைச்சனான். கொண்டு வாங்கோ, முழுக்க அழிச்சுப்போட்டுப் புதுசாய் போட்டுத் தாறன் எண்டு சொல்லுறான். கொண்டு போய்க் குடுக்கட்டோ?"

என் நித்திரை போன இடம் தெரியவில்லை. "அண்ணை, அதிலை கையே வைக்காதேங்கோ. நான் வாறன்" என்று சொல்லிவிட்டு, சாரத்தைக் கழற்றிக் காற்சட்டையைக் கொழுவிக்கொண்டு பனிக்குள்ளால் ஓடினேன்.

பெட்டி என்றால் என்னவென்று சொல்லவேண்டும். சப்பாத்துப் பெட்டி அளவில் ஒன்று. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒரு வயரால் ரவுட்டரோடு பொருத்தியிருக்கும். ஒபிசில் உள்ள லப்டொப்பும் ஸ்கேன் மெசினும் வலையமைப்பால் அதற்குள் எழுதும், அதிலிருந்து வாசிக்கும். சுவிஸில் வியாபாரக் கணக்குகளை 10 வருடம் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே இறைச்சிக்கடைப் பில்லில் இருந்து சம்பளத் துண்டு வரைக்கும் ஸ்கேன் பண்ணி அதற்குள் போட்டுவிடுவோம். அண்ணையின் பயம் அது.

என்னுடைய பயம் வேறு. அந்தப் பெட்டியின் ஒரு மூலையில் என் பெயரிலும் ஒரு கோப்புறை இருக்கிறது. இடப்பெயர்வுகளில் அம்மா பொலித்தீன் பையில் சுற்றிக் காவித் திரிந்த எங்கள் வீட்டுப் படங்கள். 2015 இல் அக்கா இங்கே வந்தபோது கொண்டு வந்தா. கோப்பை கழுவி முடித்த இரவுகளில் ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணினேன். "எனக்குத் திருப்பி அனுப்பிப்போடு" என்று அம்மா கேட்டதால் அசல்களை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். 2019 இல் அம்மா போனபிறகு அலுமாரியைத் திறந்தால் முழுக்கக் கறையான். தம்பி சைக்கிளோடு நிற்கிற அந்த ஒரே படம் இப்போது உலகத்தில் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாம் பிரதி எடுத்து வைத்தாயா என்று கேட்காதீர்கள். யாழ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் கணினி படித்தவன் நான். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடினதோடு என் படிப்பும் மூடுப்பட்டது. குசினியில் இப்பவும் என் பட்டப்பெயர் "கம்பஸ்". கண்ட பேருக்கெல்லாம் பிரதி எடுத்து வையுங்கோ என்று புத்தி சொல்லுகிறவனிடம் பிரதி இல்லை. இரண்டு டிஸ்க் இருக்கிறதுதானே என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது. அது சமாதானமே இல்லை. இரண்டு டிஸ்க்கும் கண்ணாடி மாதிரி. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்தக் கணமே அழியும்.

நிற்க. நடந்தது இதுதான். பெட்டி மாதக் கணக்காகச் சிவப்புப் புள்ளி காட்டி அப்டேட் கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிறு இரவு அண்ணையின் மகன் பொறுக்கமாட்டாமல் அமத்திவிட்டான். பேர்ம்வெயர் ஏறியது, பெட்டி தானாக நின்று எழும்பியது. விடியப் பார்த்தால் ஸ்கேன் மெசின் "இணைக்க முடியவில்லை" என்கிறது. லப்டொப்பில் "நெட்வேர்க்" பட்டியலில் பெட்டியின் பெயரையே காணவில்லை. பெடியனுக்கு வீட்டில் நல்ல பேச்சு. என் கணிப்பில் அவன் செய்தது சரியான வேலை. 2021 இல் க்யூலொக்கர், 2022 இல் டெட்போல்ட் என்று கப்பம் கேட்கிற நிரல்கள் வந்தன. அவை குறி வைத்தது இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான். இணையத்துக்குத் திறந்துவிட்டு, ஓட்டைகளை அடைக்காமல் வைத்திருந்தவர்களின் கோப்புகள் எல்லாம் பூட்டுப்பட்டன. அப்டேட் செய்யாமல் இருப்பது கெட்டித்தனம் இல்லை.

நான் போய் முதலில் பெட்டியைத் தொடவில்லை, பார்த்தேன். வெளிச்சம் எல்லாம் பச்சை. டிஸ்க் கரகரக்கவில்லை. லப்டொப்பில் கறுப்புத் திரையைத் திறந்து பெட்டியின் ஐ.பி. இலக்கத்துக்கு "பிங்" அடித்தேன். நாலு தரம் கேட்டேன், நாலு தரமும் பதில் வந்தது. அப்படியென்றால் வயர் சரி, ரவுட்டர் சரி, இலக்கமும் மாறவில்லை. பிறகு உலாவியில் அந்த இலக்கத்தை அடித்து நிர்வாகப் பக்கத்துக்குள் போனேன். இரண்டு டிஸ்க்கும் நல்ல நிலை என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தாலேயே என் கோப்புறையைத் திறந்து ஒரு படத்தை அமத்தினேன். தம்பி சைக்கிளோடு நின்றான்.

அண்ணையைத் திரும்பிப் பார்த்து, "பெட்டிக்குள்ளை இருந்தது ஒண்டும் போகேல்லை அண்ணை. கதவுதான் பூட்டியிருக்கு" என்றேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல வருகிறேன். அப்டேட்டுக்குப் பிறகு பெட்டியோடு கதைக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் பழுது கதைக்கிற பாதையில்தான், டிஸ்க்கில் இல்லை. பெட்டி போய்விட்டது என்று நினைத்துப் பதறி நாங்கள் செய்கிற வேலைதான் உண்மையில் கோப்புகளைக் கொல்லும். திரையில் "இனிஷியலைஸ்" என்ற சொல்லைக் கண்டால் விரலை எடுத்துவிடுங்கள். அதற்கு அர்த்தம் டிஸ்க்கைத் துடைப்பது. பின்பக்கத்துச் சின்ன ஓட்டைக்குள் ஊசி விட்டு அமத்துவதும் அப்படித்தான். எத்தனை செக்கன் அமத்தினால் எது போகும் என்பது பெட்டிக்குப் பெட்டி வேறு. கடைக்காரருக்கு உங்கள் அம்மாவின் பொலித்தீன் பை தெரியாது. அவருக்கு அரை மணித்தியாலத்தில் வேலை முடியவேண்டும். தொலைபேசியில், பெட்டியைக் கண்ணாலும் காணாமல், அழித்துப்போட்டுத் தருகிறேன் என்கிறார். பேக்கப் இருக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லையாம்.

சரி, கதவு ஏன் பூட்டியது? தயாரிப்பாளரின் பக்கத்தில் இந்த அப்டேட்டில் என்னென்ன மாறியது என்ற குறிப்பைத் தேடி வாசித்தேன். நீண்ட பட்டியல். கீழே, கடைசிக்குக் கிட்ட, ஒரேயொரு வரி: இனிமேல் எஸ்.எம்.பி. இரண்டாம் பதிப்புக்குக் குறைந்தவை ஏற்கப்படாது. எஸ்.எம்.பி. என்பது கணினிகள் கோப்புக் கேட்டுக் கொடுக்கப் பேசுகிற மொழி. எங்கள் ஸ்கேன் மெசின் அண்ணை இரண்டாம் கையாக வாங்கின 2008 ஆம் ஆண்டுச் சாமான். அதற்கு முதலாம் பதிப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. (டொச் படிக்காமல் முப்பது வருடம் இங்கே சீவிக்கிற எங்கடை ஆட்கள் சிலரை நினைத்துக்கொண்டேன். நானும் திறமில்லை.)

லப்டொப்பின் பிரச்சினை வேறு. பட்டியலில் பெயர் வராததைப் பெரிதாக எடுக்கவேண்டாம். அந்தப் பட்டியலை நிரப்புவது வேறொரு சேவை. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஆள் இல்லை என்று ஆகாது, இது அகதிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இலக்கத்தை நேரே அடித்துத் தட்டினேன். வந்த பதிலை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்: உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் காட்டாத விருந்தாளியை விடாது.

"நிறுவனம் நான்தானேடா. நான் எப்ப கொள்கை போட்டனான்?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. கொள்கை போட்டது மைக்ரோசொஃப்ட். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு 2024 ஒக்டோபரில் வந்தது. அதில் புரோ வகைக் கணினிகள் கடவுச்சொல் இல்லாத விருந்தாளிக் கணக்கால் கோப்புறை திறக்காது. அண்ணையின் லப்டொப் அதே கிழமைதான் அந்தப் பதிப்புக்கு ஏறியிருந்தது. எங்கள் பெட்டியோ வாங்கின நாளில் இருந்து கடவுச்சொல் இல்லாமல் வாசல் திறந்தபடி. இரண்டு மாற்றமும் ஒன்றாக வந்ததால் எல்லாப் பழியும் பெட்டியின் தலையில் விழுந்தது. ஒரே கிழமையில் இரண்டு சாமானை மாற்றினால் எது பிழைத்தது என்று கண்டுபிடிக்க இரண்டு மடங்கு நேரம் போகும். கறி உறைத்தால் தூளா பச்சை மிளகாயா என்று தெரியாத மாதிரி.

பெட்டியில் அண்ணைக்கும் எனக்கும் ஆளுக்கொரு கணக்குத் திறந்து, கடவுச்சொல் போட்டு, லப்டொப்பில் பழைய சேமிப்பை அழித்துப் புதிதாகக் கொடுத்தேன். உடனே திறந்தது. ஐந்து நிமிட வேலை.

ஸ்கேன் மெசினில்தான் எனக்கும் அண்ணைக்கும் வாக்குவாதம். இரவு பெடியன் எங்கேயோ தேடிக் கண்டுபிடித்து வந்தான்: நிர்வாகப் பக்கத்தில் ஒரு சரியடையாளம் போட்டால் முதலாம் பதிப்பு திரும்ப வேலை செய்யுமாம். உண்மைதான், செய்யும். நான் மறுத்தேன். அது 1980களில் பிறந்த மொழி. 2017 மே மாதம் வன்னாகிரை பரவியது விண்டோஸ் அந்த முதலாம் பதிப்பைக் கையாளுகிற விதத்தில் இருந்த ஓட்டையால். திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முதலே, மார்ச்சில் வந்திருந்தும் பலர் போடவில்லை. பிரித்தானிய ஆஸ்பத்திரிகளில் 19,000 க்கு மேற்பட்ட சந்திப்புகள் இரத்தாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். எங்கள் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ், வன்னாகிரை அதை நேரே பிடிக்காது என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மொழியில் போகிற கோப்பு மறைகுறி இல்லாமல்தான் போகிறது. பழைய ஸ்கேன் மெசினுக்காக ஊழியர் எல்லாரின் சம்பளத் துண்டும் போகிற பாதையை அப்படி விட எனக்கு மனமில்லை.

"அப்ப நல்லாய் வேலை செய்யிற மெசினை எறியச் சொல்லுறியோ?" என்று அண்ணை கேட்டார். இங்கே அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மெசினில் ஒரு பழுதும் இல்லை. பூட்டை மாற்றுகிறவன், பொத்தானை அமத்த முதல் பெரிய எழுத்தில் திரையில் சொல்லவேண்டாமா? எந்தச் சாமான் இனி இணையாது என்பது பெட்டிக்குத் தெரியும், தினமும் அதனோடுதான் கதைக்கிறது. சொல்லியிருந்தால் பெடியன் அமத்த முதல் என்னைக் கேட்டிருப்பான். ஆங்கிலப் பட்டியலின் அடியில் ஒரு வரியைப் போட்டுவிட்டு, அறிவித்தோம் என்று கையைக் கழுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியில் நடுவழி ஒன்று. ஸ்கேன் மெசின் இப்போது யுஎஸ்பி குச்சியில் எழுதுகிறது. இரவு கணக்கு மூடும்போது நான் அதைக் கழற்றி லப்டொப்பால் பெட்டிக்குள் போடுகிறேன். அண்ணைக்குப் பிடிக்கவில்லை, மெசின் சாகும் வரைக்கும் இதுதான் என்று முணுமுணுக்கிறார்.

அந்தத் திங்கள் பின்னேரமே கடைக்குப் போய் ஒரு வெளி டிஸ்க் வாங்கினேன். முழுப் பெட்டியும் அதில் ஏற இரவு பதினொரு மணியானது. அது ரெஸ்ரோரண்டில் இல்லை, என் வீட்டில் இருக்கிறது. மாதத்தில் ஒருக்கால் கொண்டுபோய் ஏற்றிவிட்டுத் திரும்பக் கொண்டு வருவேன். படங்களை மட்டும் இன்னொரு குச்சியில் போட்டு அக்காவுக்கு அனுப்பினேன். கிடைத்ததும் எடுத்தா. "தம்பியின்ரை படத்தைப் பெரிசாக்கி அடிச்சுக் கொழுவியிருக்கிறன்" என்றா. பிறகு, சைக்கிள் யாருடையது என்பதில் எங்களுக்குள் சண்டை. அது பெரியப்பாவுடையது என்கிறா அக்கா. இல்லை, எங்கடைதான்.