கிளினிக் கொப்பி யாருடைய கையில்?



"புள்ள இன்னும் சின்னது, அதுக்கு என்ன விளங்கும்?" ஏ.எல். படிக்கும் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்லும் உம்மா வாப்பாமாருக்குத்தான் இந்தப் பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரை வாசியுங்கள்.

தலசீமியா, முதலாம் வகை நீரிழிவு, பிறவி இருதயக் கோளாறு உள்ள பிள்ளையோடு தெல்தெனியவில் விடியற்காலை பஸ் ஏறி, பேராதெனிய சிறுவர் வைத்தியசாலைக்குப் போய்வரும் குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். ஒரு காலத்தில் இந்த வருத்தங்கள் உள்ள பலர் வாலிபமாகும் முன்பே மௌத்தானார்கள். இன்று அல்ஹம்துலில்லாஹ், வாழ்கிறார்கள். வாழ்வதால்தான் ஒரு நாள் பெரியவர்களின் கிளினிக்குக்கு மாற வேண்டி வருகிறது.

எதைப் பார்த்து மாற்றுகிறார்கள்? பெரும்பாலும் பிறந்த திகதியை. ஒரு கடிதம், அவ்வளவுதான். புது இடத்தில் சின்ன வயதிலிருந்து பார்த்த டொக்டர் இல்லை. கேள்வி நேராகப் பிள்ளையிடம் வரும், அதுவும் அநேகமாகச் சிங்களத்தில். பிள்ளை உம்மாவின் முகத்தைப் பார்க்கும். பிறந்த திகதிக்கு இன்சுலின் அளக்கத் தெரியாது.

இங்கிலாந்தில் 2016இல் வெளியிட்ட வழிகாட்டல், இந்த மாற்றத்துக்கான ஆயத்தத்தை 13, 14 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. அமெரிக்காவில் 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று பாவனையில் உள்ளது. மருந்து முடியுமுன் நீயே எடுப்பாயா, கிளினிக் திகதியை நீயே கவனிப்பாயா, டொக்டருக்கு நீயே பதில் சொல்வாயா என்ற மாதிரிக் கேள்விகள். தெரியாது என்பதற்கும் எப்போதும் செய்கிறேன் என்பதற்கும் நடுவில் "பழகிக்கொண்டிருக்கிறேன்" என்றும் ஒரு விடை உண்டு. எங்களுக்குப் பிடித்தது அந்த நடு விடைதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்பவர்களுக்கு ஒன்று: பருவ வயதில் கடமையாகும் தொழுகைக்கு ஏழு வயதிலேயே பழக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பிள்ளைக்காக உம்மா தொழ முடியாது என்று தெரிந்த நமக்கு, பிள்ளைக்காக உம்மா காலமெல்லாம் ஊசி போட முடியாது என்பது ஏன் விளங்கவில்லை?

நோன்பையே பாருங்கள். முதலாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு நோன்பு ஆபத்தானது, மார்க்கத்தில் சலுகையும் உண்டு. ஆனாலும் கூட்டாளிமார் முன்னால் வெட்கப்பட்டு நோன்பு பிடிக்கும் வாலிபர் இருக்கிறார்கள். சீனி 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பைத் திறக்க வேண்டும், இன்சுலினை முற்றாக நிறுத்தவே கூடாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? பின்னேரம் நாலு மணிக்கு மைதானத்தில் கை நடுங்கும்போது உம்மா பக்கத்தில் இருக்கமாட்டார்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கலியாணப் பேச்சு கெட்டுவிடும் என்று வருத்தத்தின் பெயரையே வீட்டில் சொல்வதில்லை. பெயரே தெரியாத வருத்தத்துக்கு அவள் எப்படி மருந்து கேட்பாள்? புகுந்த வீட்டில் ஒளித்து வைத்தா ஊசி போடுவாள்?

வைத்தியசாலைகளிடமும் நாங்கள் கேட்கிறோம். மாற்றுவதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே பிள்ளையோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு படிவம் அடிக்க எவ்வளவு செலவாகும்? புது டொக்டரை ஒரு தடவையாவது முன்கூட்டியே காட்டுங்கள்.

பெற்றோரே, அடுத்த கிளினிக் நாளில் கொப்பியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். டொக்டர் கேட்கும்போது வாய் திறக்காமல் இருங்கள். எத்தனை கேள்விக்குப் பிள்ளை பதில் சொன்னது என்று கீழே கமெண்டில் எழுதுங்கள்.