வெள்ளைப்பிரம்போடு முடித்துவிடுகிறோம்

மலையகத்து வலப்பனைத் தேயிலைத் தோட்டங்களில் பார்வையற்ற பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பெரும்பாலும் போய் நிற்கும் இடம் தெரிந்ததுதான்: ஒரு வெள்ளைப்பிரம்பு, ஓர் உலர் உணவுப் பொதி, மேடையில் ஒரு படம். கம்ப்யூட்டர் பழக்கலாமே என்றால், "அதெல்லாம் கொழும்புப் புள்ளைகளுக்கு. காசும் வேணும், இங்கிலீசும் வேணும்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். லயத்தில் உள்ளவர்கள் இப்படி நினைத்தால் குறை சொல்லமாட்டேன். படித்த வாத்திமாரும் சங்கத் தலைவர்மாரும் சொல்வதுதான் பொறுக்கவில்லை.

ஒரு காலத்தில் அது உண்மைதான். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஜாஸ் போன்ற மென்பொருளின் விலை கொழுந்து பறிப்பவரின் பல மாதச் சம்பளம். அந்த விலை ஆஸ்திரேலியாவிலேயே கட்டுப்படியாகவில்லை. 2006இல் அங்கே மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தானே ஒன்றை எழுத உட்கார்ந்தார். இன்னொரு பார்வையற்றவரான ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். அப்படிப் பிறந்த என்விடிஏ இலவசம். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. அதனால்தான் யாரிடமும் கைகட்டி நிற்காமல் தன்னார்வலர்கள் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். இ-ஸ்பீக் என்ற இன்னொரு திறமூல மென்பொருள் அதற்குத் தமிழ்க் குரல் கொடுக்கிறது. தகரத்தைத் தட்டினாற்போன்ற குரல்தான், இருந்தாலும் வாசித்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் இதே வேலைக்கு டாக்பேக் இருக்கிறது. அதற்கும் காசில்லை.

செயற்கை நுண்ணறிவும் இதே வழியில் வந்திருக்கிறது. அச்சிட்ட கடிதத்தைப் படமெடுத்தால் டெசரக்ட் என்ற திறமூல மென்பொருள் எழுத்தாக்கித் தரும். 2022இல் திறந்துவிடப்பட்ட விஸ்பர், பேச்சை எழுத்தாக்கிக் காது கேளாதவர் கண்முன் வைக்கும். ஆங்கிலம் அளவுக்குத் தமிழில் அதற்குத் தேர்ச்சியில்லை. மலையகப் பேச்சு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ்க் குரலை யாரும் பதிந்து கொடுக்கலாம். நம் இராகலைத் தோட்டத்துக் குரல் அதில் சேராமல் இருந்தால், அது கம்பெனிக்காரன் செய்த சதியல்ல.

அப்படியானால் எது தடுக்கிறது? நம் பாமினி எழுத்துரு. அதில் "அம்மா" என்று தட்டினால் கண்ணுக்குத் தெரிவது அம்மா. கணினிக்குள் இருப்பதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். என்விடிஏ அதைத்தான் உளறும். வகுப்புக் குறிப்பு, மாதிரி வினாத்தாள், சங்கத் துண்டுப்பிரசுரம் என்று இன்னும் எத்தனையோ இந்த எழுத்துருவில் வருகின்றன. அம்மாவைக் கணினிக்குள்ளும் அம்மாவாகவே வைக்கும் யுனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்தாயிற்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது; அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அந்தச் சட்டத்தின் பேரில் மேடையில் முழங்குபவர்களின் துண்டுப்பிரசுரமும் பாமினியில் வந்தால் என்ன சொல்வது?

பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியைச் சுரதா யாழ்வாணன் பல்லாண்டுகளுக்கு முன்பே இணையத்தில் இலவசமாக வைத்தார். கோப்பில் உள்ளதை நகலெடுத்து அதில் ஒட்ட வேண்டியதுதான். காசும் வேண்டாம், இங்கிலீசும் வேண்டாம். அடுத்த தவணை வினாத்தாளைத் தட்டச்சுக்குக் கொடுக்கும்போது "யுனிகோடில் அடிங்க" என்று சொல்ல எந்த அமைச்சரின் அனுமதி வேண்டும்?