உள்ளங்கையில் ஒரு விமானம்

லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்க வருபவர்களுள் எமக்கு நன்கு அறிமுகமான அன்பர் ஒருவர் உள்ளார். உணவகமொன்றின் சமையலறையில் உழைப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் காணவேண்டுமாயின் கிளின்யாங்கூர் பழம்பொருட் சந்தைக்கே செல்லவேண்டும். பழைய பயணிகள் விமானங்களின் சிறு உலோக மாதிரிகளை அங்கே தேடித் தேடி வாங்குகிறார். பிள்ளைகுட்டிக்காரன் விளையாட்டுச் சாமானுக்குக் காசைக் கரைக்கலாமா என்று அறிந்தவர்கள் நகைப்பதுண்டு. உண்மையைச் சொன்னால், நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவரது வீட்டு அலுமாரியைக் கண்ட பின்னரே எம் எண்ணம் மாறியது.

வதிவிட அனுமதிக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற போபினி நகரை எம்மவருள் மறந்தவர் எவர்? அதே போபினியில்தான் ஒரு காலத்தில் மெக்கானோ நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 'டிங்கி ரோய்ஸ்' என்ற பெயரில் 1950களில் அங்கே உருவான எயார் பிரான்சின் சூப்பர் கொன்ஸ்ரலேசன், வைக்கவுண்ட், கரவெல் ஆகிய மாதிரிகளைச் சேகரிப்பாளர் இன்றும் தேடுகின்றனர். உருக்கிய துத்தநாகக் கலவையை உருக்கு அச்சினுள் அழுத்தத்தோடு செலுத்தி இவற்றை வார்ப்பர். அக்கலவையில் ஈயம் சிறிது கலந்துவிட்டாலும், காலஞ்செல்ல உலோகம் வெடித்து உதிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மாதிரிகள் பலவற்றை இந்நோய் தின்றுவிட்டது. ஆகவே வாங்குமுன் இறக்கைகளில் மயிரிழை வெடிப்பு உண்டா எனப் பார்க்கவேண்டும். ஈரமற்ற இடத்தில் வைக்கவேண்டும். வர்ணம் உரிந்திருப்பினும் புதுவர்ணம் பூசலாகாது, பூசினால் மதிப்புக் குன்றும். இவை அன்பர் எமக்குக் கற்பித்த பாடங்கள்.

இக்காலத்தில் 1:200, 1:400, 1:500 என்ற அளவுகளில் மாதிரிகள் வெளிவருகின்றன. 29 மீற்றர் அகலச் சிறகுடைய டக்கோட்டா, 1:200 அளவில் பதினாலரைச் சென்ரிமீற்றராகச் சுருங்கிக் கையில் அமர்கிறது. அந்த டக்கோட்டாவில்தான் எமது கதையும் தொடங்குகிறது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் முதலாவது சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 1960களில் அவ்ரோ 748 வந்து சேர்ந்தது. சிறுவராயிருந்த நாம், அதன் இரைச்சல் கேட்டதும் முற்றத்திற்கு ஓடிக் கையசைப்போம். 1990இல் அதே வகை அவ்ரோக்களிலிருந்து யாழ்ப்பாணத்தின் மீது குண்டுகள் வீழ்ந்தன. பின்னர் ஆசிரியரான நாம், வானில் எந்த இரைச்சல் கேட்பினும் மாணவரைப் பதுங்குகுழிக்குள் இறக்கினோம்.

அன்பரின் அலுமாரியின் நடுத்தட்டில் இருந்தது ஓர் அவ்ரோ. புதுவர்ணம் பூசலாகாது என்று எமக்குப் பாடஞ்சொன்னவரே, அதற்கு மட்டும் தம் கையால் வர்ணம் தீட்டி எயார் சிலோன் என்று எழுதியிருந்தார். "மதிப்புக் குன்றாதோ?" என்று வினவினோம்.

"மாஸ்ரர், இது விக்கிறதுக்கில்லை. மகள் ரெண்டு கதையையும் அறியவேணும். ஆனா இது சனத்தை ஏத்தினது எண்டதை முதல்ல அறியட்டும்" என்றார்.

நாம் மறுமொழி கூறவில்லை.

பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கி, 2020இல் தடைப்பட்டு, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. ஆயினும் 1990இல் அதன் சூழலிலிருந்து இடம்பெயர்ந்தோரின் காணிகள் யாவும் இன்னும் உரியவர் கையில் சேரவில்லை. விமானம் திரும்பிவிட்டது, வீடு திரும்பாதோர் பலர்.

யூலை 14ஆம் நாள் பாரிஸ் வானில் போர்விமானங்கள் அணிவகுக்கையில், இன்றும் எம்மில் பலர் எம்மையறியாமல் தலைகுனிகின்றோம். பிள்ளைகளோ யன்னலுக்கு ஓடுகின்றனர். அவர்களை ஒருநாள் லு பூர்ஜே விமான அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். கொன்கோர்ட் விமானங்களைக் காட்டுங்கள். அப்பா ஏன் தலைகுனிந்தார் என்று அவர்கள் கேட்பின், மறைக்காது கூறுங்கள். முற்றத்தில் நின்று கையசைத்த கதையையும் சேர்த்தே கூறுங்கள்.