‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று டாக்டர் சொன்னால்



சிங்கப்பூரின் பிடோக்கில் ஒரு வீட்டில் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்கு வயிற்று வலி வந்தால் என்ன நடக்கும்? பாட்டி ஓமத் தண்ணீர் கொடுப்பார். “வெளியில என்ன சாப்பிட்டே?” என்று விசாரணை நடக்கும். ஒரு பனடோல் உள்ளே போகும். அதற்குள் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் சித்தி தீர்ப்பே சொல்லிவிடுவார்: “அது அப்பெண்டிக்ஸ்தான், உடனே எடுத்துடச் சொல்லு!”

சித்தி சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சாங்கி பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் டாக்டருக்கே அதை அத்தனை சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

தொப்புளைச் சுற்றி வலி தொடங்கும், சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும், பசி போய்விடும், குமட்டும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். இது பாடப்புத்தகம். உடம்பு பாடப்புத்தகம் படிப்பதில்லையே! அப்பெண்டிக்ஸ் எனும் குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வலி முதுகுப் பக்கம் போகும். இளம்பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி, சிறுநீர்த் தொற்று, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் எல்லாமே கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வலிக்கும். பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சலோடு வயிற்றில் நெறி கட்டினாலும் அப்படியே இருக்கும். வயதானவர்களுக்கோ வலியே அடங்கித் தெரியும்.

அதனால்தான் அந்தக் காலத்து அறுவை நிபுணர்கள் சந்தேகம் என்றாலே எடுத்துவிட்டார்கள். வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவினால் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பயந்து, நூறில் பதினைந்து இருபது பேரிடம் நல்ல குடல்வாலே வெளியே வந்தாலும் பரவாயில்லை என்று இருந்தார்கள். ஸ்கேன் பரவலான பிறகு அந்த எண்ணிக்கை நன்றாகவே குறைந்திருக்கிறது.

“எடுத்தால்தான் என்ன, உதவாத உறுப்புதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. மயக்க மருந்து, தையல், கிருமித் தொற்று, பின்னாளில் குடல் ஒட்டிக்கொண்டு அடைப்பு வரும் வாய்ப்பு, வேலைக்கு லீவு, மருத்துவமனை பில்... இவை எல்லாம் உதவாத உறுப்புக்காகத்தான்!

டாக்டர்கள் கணக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். 1986ல் அல்வராடோ என்பவர் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றைத் தந்தார். ஆசிய நோயாளிகளிடம் அது அவ்வளவாக எடுபடவில்லை. புருணையின் ரிபாஸ் மருத்துவமனை மருத்துவர்கள் நம் பக்கத்து மக்களுக்கென்றே ‘ரிபாசா’ என்ற முறையை உருவாக்கி, 2010ல் சிங்கப்பூர் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அதில் வெளிநாட்டு அடையாள அட்டை வைத்திருப்பவருக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண்! வலியைப் பொறுத்துக்கொண்டு கடைசியில்தான் வருகிறார்களோ என்று எனக்குத் தோன்றியது. டெக்காவில் ஞாயிற்றுக்கிழமை நாம் பார்க்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் தம்பிகளை நினைத்துக்கொண்டேன்.

சரி, நாம் என்ன செய்வது? பொறுத்துப் பார்ப்பதை மருத்துவமனையில் செய்யலாம், வீட்டில் கூடாது. ஓமத் தண்ணீரோடு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை பக்கம் போகவே வேண்டாம். வயிறு பலகை போல இறுகினாலோ, நடக்கவே முடியாமல் சுருண்டாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால் பக்கத்து கிளினிக்கில் காட்டலாம். கிழக்கு வட்டாரத்தில் ‘ஜிபி ஃபர்ஸ்ட்’ திட்டத்தில் சேர்ந்த கிளினிக் கடிதம் கொடுத்து அனுப்பினால் சாங்கியின் அவசரப் பிரிவுக் கட்டணத்தில் சலுகையும் உண்டு.

மருத்துவமனையில் சேர்த்த பிறகு, “ரத்தம் எடுத்தாச்சு, ஸ்கேனும் எடுத்தாச்சு, இன்னும் பார்க்கலாம்கிறாரே, இவருக்குத் தெரியுமா தெரியாதா?” என்று பொறுமை இழக்காதீர்கள். நாலு மணி நேரம் கழித்து மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். அதுவரை பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்று ஃபிளாஸ்க்கில் மைலோ கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள், அம்மாக்களே!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “இன்ஷூரன்ஸ்தான் இருக்கே, எடுத்துடுங்க டாக்டர்” என்ற பேச்சு நம் வீடுகளில் சகஜம். தேவையில்லாத சிகிச்சைகள் பெருகுவதைப் பார்த்துத்தான் 2018ல் அரசாங்கம், புதிய ரைடர் (காப்புறுதியோடு சேர்த்து வாங்கும் துணைத் திட்டம்) வாங்குபவர்கள் பில்லில் குறைந்தது 5 சதவீதம் தாங்களே கட்ட வேண்டும் என்று அறிவித்தது. எடுக்கச் சொல்வதற்கு முன், வெடிக்காத குடல்வாலுக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்கலாம். ஃபின்லாந்து ஆய்வு ஒன்றில் அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு ஐந்து ஆண்டுக்குள் திரும்ப வந்தது. மீதி ஆறு பேர் கத்தி படாமலே தப்பினார்கள். எது தோது என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அறுவை செய்தே விட்டார்கள் என்றால், எடுத்த குடல்வால் பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். மறுபடி காட்டப் போகும்போது அதன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். குடல்வால் நார்மல் என்று இருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் அந்த வலி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. அதை அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்