பிலிப்பைன்காரரும் பேனாவின் ஜாதியும்

1898-ம் வருஷத்தில் அமெரிக்கா, பிலிப்பைன் தீவுகளை ஸ்பெயினிடம் இரண்டு கோடி டாலர் கொடுத்துப் பெற்றது. அதுமுதல் 1946 வரை அத்தீவினர் அமெரிக்கக் கொடிக்கு அடங்கியிருந்தார்கள். ஆனால் பிரஜைகளாக இருக்கவில்லை. உழைக்க வரலாம், உரிமை கேட்கக் கூடாது என்பதே அன்றைய நிலை! இது என்ன நியாயமோ நமக்கு விளங்கவில்லை.

1906-ல் 15 பேர் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பின்பு ஆயிரக்கணக்கானவர் கலிபோர்னியா வயல்களில் உழைத்தார்கள். 1930-ல் வாட்சன்வில்லில், வெள்ளைப் பெண்களுடன் நடனமாடினார்களென்று கும்பல் தாக்கி ஒரு வாலிபரைச் சுட்டுக் கொன்றது. 1933-ல், மணத் தடை மங்கோலியருக்கே, தாம் மலாய் இனம் என்று ஒருவர் வழக்காடி ஜெயித்தார். உடனே சட்டசபை "மலாய் இனம்" என்ற வார்த்தையையும் சட்டத்தில் சேர்த்துக் கொண்டது! 1948-ல் கோர்ட்டு அத்தடையை ஒழிப்பதற்குள் அநேகருக்கு வாலிபமே போய்விட்டது.

பிறவியிழிவு ஆண்டவன் கட்டளை என்போரே, கவனியுங்கள்! பேனா எழுதிற்று, பேனாவே அடித்தது. இதில் ஆண்டவனுக்கு என்ன வேலை?

அந்தக் கிழவர்களே 1965-ல் டிலானோ திராட்சைத் தோட்டங்களில், லாரி இட்லியாங் முன்னிற்க, முதலில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வாரங் கழித்து சீசர் சாவெஸின் மெக்ஸிகர் சேர்ந்தார்கள். 1970-ல் ஜெயம் கிடைத்தது. பெயரோ பெரும்பாலும் சாவெஸுக்கே! பிலிப்பைன்காரர் பங்கைப் பள்ளிகளில் கற்பிக்கக் கலிபோர்னியா சட்டம் செய்தது 2013-ல்தான்.

ஆகவே அவர்தம் சந்ததியாருக்கு நாம் சொல்வது இதுவே: பாட்டன் கூலியாயிருந்தது வெட்கமல்ல, அதை மறைப்பதே வெட்கம். கேட்டு எழுதி வையுங்கள்.