வீதியில் ஒதுங்க வேண்டியவர் யார்?

ஒரு காலத்தில் நமது ஒழுங்கைகளில் இன்னார் வரும்போது இன்னார் வேலியோரம் ஒதுங்கி நிற்கவேண்டும் என்றொரு வழக்கம் இருந்தது. அதன் பெயர் சாதி. பெரும்பாடுபட்டு அவ்வழக்கத்தை வீதியிலிருந்து அகற்றினோம். அகற்றிய இடத்திலே இப்போது வேறொன்றைக் குடியேற்றியிருக்கிறோம். வான் வந்தால் மோட்டார் சைக்கிள் ஒதுங்கவேண்டும். மோட்டார் சைக்கிள் வந்தால் துவிச்சக்கர வண்டி ஒதுங்கவேண்டும். துவிச்சக்கர வண்டி ஒதுங்க இடமில்லையேல் வாய்க்காலுக்குள் இறங்கவேண்டும். எடை கூடியவன் எசமான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று நடைமுறையிலுள்ள எழுதாச் சட்டம் இதுதான்.

இச்சட்டம் தலைகீழானது என்கிறேன். ஒடுக்கமான வீதியில் வேகத்தைக் குறைக்கவேண்டியவரும் காத்திருக்கவேண்டியவரும் வலியவரே. இது இரக்கம் காட்டும் விடயமன்று. கடமை.

முதலில் இந்த வாகனத்துக்கு இம்மண் பட்டிருக்கும் கடனை நினைவூட்ட விரும்புகிறேன். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் மறைந்தபோது குடாநாட்டைச் சுமந்தது எது? நோயாளியை வைத்தியசாலைக்கும், விறகைச் சந்தைக்கும், பிள்ளையைப் பாடசாலைக்கும், அச்சான பத்திரிகையை வாசகனின் படலைக்கும் கொண்டுசென்றது துவிச்சக்கர வண்டியே. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த அந்த மழை இரவில், வீட்டின் மிச்சத்தை ஏற்றிக்கொண்டு உருண்டதும் அதுவே. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது ஆசிரியர், வைத்தியர், அலுவலர் என்ற பேதமின்றி அனைவரும் மீண்டும் அதையே தேடி ஓடினர். வரிசைகள் மறைந்தன. அதனோடு நன்றியும் மறைந்தது.

போர் 2009இல் முடிந்த பின்னர் நமது பெருந்தெருக்கள் பல புதிதாய்க் 'கார்பெட்' இடப்பட்டன. வரவேற்கத்தக்கதே. ஆனால் வழவழப்பான தார் வேகத்தைக் கூட்டியதே அன்றி, உள்வீதிகளின் அகலத்தைக் கூட்டவில்லை. தார் முடிகிற இடத்தில் பல வீதிகளில் சில அங்குலப் பள்ளம் இருக்கிறது. அதற்கப்பால் சரளைக்கல், அதற்கப்பால் மூடியில்லாத வெள்ளவாய்க்கால். ஒழுங்கைகளில் நிலைமை இன்னும் மோசம். கிடுகுவேலியும் கிளுவைவேலியும் இருந்த இடங்களில் ஆளுயரத்துக்கு மேலான மதில்கள் எழுந்துவிட்டன. முடக்கில் எதிரே வருபவர் தெரிவதில்லை. ஒதுங்கவும் இடமில்லை.

இத்தகைய வீதியில் பின்னால் வந்து ஹோர்னை அழுத்தி "ஓரமாய்ப் போ" என்பவர் எந்த ஓரத்தைச் சொல்கிறார்? துவிச்சக்கர வண்டி ஓடும்போதே சமநிலை காப்பது. சிறிது இடமும் வலமும் அசைந்தே அது முன்செல்லும். குழி, மணல், குறுக்கே ஓடும் நாய், திடீரெனத் திறக்கும் வாகனக் கதவு ஆகிய எல்லாவற்றையும் விலத்த அதற்கு இருபுறமும் இடம் வேண்டும். விளிம்போடு ஒட்டிச் செல்பவர் ஒரேயொரு அங்குலம் பிசகினால் தார் விளிம்பில் சில்லுச் சறுக்கி, வாகனத்தின் பக்கமாகவே விழுவார். ஆகவே விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளிச் செல்பவர் திமிர் பிடித்தவரல்லர். உயிர்மீது அக்கறையுள்ளவர்.

மற்ற நாடுகள் இதனை அளந்து எழுதியிருக்கின்றன. பிரித்தானியாவில் 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலைக் கோவை, மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் துவிச்சக்கர வண்டியை முந்துபவர் குறைந்தது ஒன்றரை மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்கிறது. ஜேர்மனி 2020இல் நகருக்குள் ஒன்றரை மீற்றர், நகருக்கு வெளியே இரண்டு மீற்றர் என வகுத்தது. அந்த இடைவெளியை விட முடியாத அளவுக்கு வீதி ஒடுக்கமானால்? முந்தக்கூடாது. அவ்வளவுதான்.

"நேரம் போய்விடுமே" என்பர். கணக்குப் பார்ப்போம். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் ஒரு துவிச்சக்கர வண்டியின் பின்னால் 200 மீற்றர் பொறுத்துப் போனால் 48 விநாடி ஆகும். அதே தூரத்தை 40 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 18 விநாடி. இழப்பு 30 விநாடி. அரை நிமிடத்துக்காக ஒருவரின் முதுகெலும்பைப் பணயம் வைக்கலாம் என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது? வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பாடசாலைப் பௌதிகம். மோதுபவர் கண்ணாடிக்கும் இரும்புக்கும் பின்னால் இருக்கிறார். மோதப்படுபவரைக் காப்பது அவர் அணிந்திருக்கும் சட்டை மாத்திரமே.

எனது தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது பத்திரிகைகள் விபத்தை எப்படி எழுதுகின்றன என்று கவனியுங்கள். "வேகக் கட்டுப்பாட்டை இழந்த வான்" என்கின்றன. வானுக்குத் தன்னைத்தானே கட்டுப்படுத்தும் புத்தி இருந்து, அது திடீரெனக் கெட்டுப்போனது போல! "துவிச்சக்கர வண்டியில் சென்ற முதியவர் வானுடன் மோதுண்டு உயிரிழந்தார்" என்கின்றன. மோதியவர் முதியவரா? இவ்வாக்கியங்களில் சாரதி என்றொரு மனிதர் எங்குமே இல்லை. இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அத்தனை சாவுகளையும் இத்தகைய இலக்கணத்துக்குள் ஒளித்துவைத்தால் யார் கோபப்படுவார்? யார் திருந்துவார்?

ஒல்லாந்தில் ஒரு பத்திரிகையாளர் இந்த இலக்கணத்தை உடைத்தார். விக் லாங்கென்ஹொஃப் என்பவரின் சிறுமகள் 1971இல் துவிச்சக்கர வண்டியில் பாடசாலை செல்லும் வழியில் மோட்டார் வாகனம் மோதி இறந்தாள். அந்த ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் இறந்தோர் ஏறத்தாழ 3300 பேர். அவர்களில் நானூறுக்கும் அதிகமானோர் சிறுவர். 1972இல் அவர் எழுதிய கட்டுரைக்கு இட்ட தலைப்பு 'சிறுவர் கொலையை நிறுத்துங்கள்'. விபத்து என்று எழுதவில்லை, கொலை என்று எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் பிள்ளைகளுடன் வீதியில் இறங்கினர். அரசு மெல்ல மெல்ல வீதிகளை மாற்றியது. இன்று அங்கே ஆண்டுச் சாவு எழுநூறு அளவில் நிற்கிறது. மோட்டார் வாகனம் துவிச்சக்கர வண்டியோடு மோதினால், தன்னால் தவிர்க்கவே இயலாத நிலை இருந்ததென்று நிரூபித்தாலன்றி நட்டஈட்டுப் பொறுப்பு மோட்டார் வாகன உரிமையாளருக்கே என்று அந்நாட்டின் 1994ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவு கூறுகிறது. சில ஒடுங்கிய தெருக்களில் 'கார் இங்கே விருந்தாளி' என்ற பலகையே நாட்டப்பட்டிருக்கிறது. நமது தேசவழமையை 1707இல் எழுத்தில் தொகுப்பித்த அதே ஒல்லாந்தரிடமிருந்து நாம் இன்னுமொரு சட்டத்தைக் கற்றுக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

துவிச்சக்கர வண்டி ஓட்டுபவர்கள் எல்லாம் புனிதர்களா என்று கேட்பீர்கள். இல்லை. மாலையில் தனியார் கல்வி நிலையங்கள் கலையும் வேளையில் மூவர் நால்வராய் அணிவகுத்துக் கதைத்தபடி செல்லும் மாணவரைக் காண்கிறோம். கைகாட்டாமல், திரும்பிப் பாராமல் வலப்புறம் வெட்டுபவர் உளர். விளக்கில்லாமல் இருட்டில் வருபவரும், காதில் கருவியைச் செருகிக்கொண்டு உலகை மறந்தவரும், எதிர்ப்புறத்தால் வருபவரும் உளர். இவை பிழைகள். திருத்தப்படவேண்டியவை. பின்னால் சிவப்பு விளக்கு அல்லது ஒளிதெறிப்பான், திரும்புமுன் ஒரு பார்வை, ஒரு கைச்சைகை, ஒடுங்கிய இடத்தில் ஒருவர்பின் ஒருவர், பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டால் வசதியான இடத்தில் நின்று வழிவிடும் பண்பு ஆகியவற்றைப் பாடசாலையிலேயே பழக்கவேண்டும். ஆனால் ஒன்றை மறவாதீர். துவிச்சக்கர வண்டிக்காரர் பிழை விட்டால் பெரும்பாலும் சாவது அவரே. சாரதி பிழை விட்டாலும் சாவது அவரே. இரு பிழைகளையும் ஒரே தராசில் வைப்பது நடுநிலைமை ஆகாது.

"நாங்கள் வரி கட்டுகிறோம், அவர்கள் கட்டுகிறார்களா?" என்ற வாதமும் காதில் விழுகிறது. உள்ளூராட்சி மன்றங்கள் துவிச்சக்கர வண்டிக்கும் வரி அறவிட்டுத் தகடு கொடுத்த காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதைவிட, கடையில் சவர்க்காரம் வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி கட்டுபவரே. வீதி அவருடைய பணத்திலும் போடப்பட்டது.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் துவிச்சக்கர வண்டியின் பின்னால் பொறுமையோடு ஊர்ந்து செல்லும் நீங்கள், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து வாடகை வானில் ஏறியதும் சாரதியைப் பார்த்து "கெதியாய்ப் போ தம்பி" என்கிறீர்கள். அந்தத் தம்பி உங்கள் சொல்லுக்காகவே முந்துகிறார். அங்கே கடைப்பிடிக்கும் ஒழுக்கத்தை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

செய்யவேண்டியவை அரிதானவை அல்ல. பாடசாலைகளையும் ஒழுங்கைகளையும் சூழ்ந்த வீதிகளில் 30 கிலோமீற்றர் வேக எல்லை வேண்டும். வாய்க்கால்களுக்கு மூடியும் தார் விளிம்புக்குச் சரிவும் வேண்டும். ஒன்றரை மீற்றர் இடைவெளி சாரதிப் பயிற்சியின் முதற் பாடமாகவேண்டும். பயணிகளுக்காக ஒன்றையொன்று துரத்தும் தனியார் பேருந்துகளின் போட்டியை நேர அட்டவணையால் கட்டுப்படுத்தவேண்டும். நிறுத்திய வாகனத்தின் வலக்கதவை இடக்கையால் திறக்கப் பழகவேண்டும். அப்போது உடல் தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார். கடைசியாகச் சொன்னதற்குச் சபைத் தீர்மானமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.